நாற்பது சுருள்களின் உறவுக் கணக்கு

நேற்று வைத்த சாம்பாரை மைக்ரோவேவில் வைத்து இரண்டு நிமிஷம் அழுத்துகிறோம். உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் யோசிப்பதில்லை. சுவரிலிருந்து வருவது லண்டன், சிட்னி, சென்னை என்றால் சுமார் 230 வோல்ட். டொரொன்டோ, நியூ ஜெர்சி என்றால் 120 வோல்ட். ஆனால் உணவைச் சூடாக்கும் மேக்னட்ரான் குழாய்க்கு சுமார் 4000 வோல்ட் வேண்டும். அதே குழாய்க்குள் இருக்கும் சின்னக் கம்பியைச் சூடேற்றவோ 3 வோல்ட் சொச்சம் போதும்.

பழைய வகை மைக்ரோவேவ்களில் இந்த இரண்டையும் கொடுப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். கனமான ஒரு இரும்புக் கட்டி. அதைச் சுற்றி மூன்று கம்பிச் சுருள்கள். சுவர் மின்சாரம் வரும் சுருள் ஒன்று. சுமார் 2000 வோல்ட் தரும் சுருள் ஒன்று (இதைப் பக்கத்திலுள்ள மின்தேக்கியும் டையோடும் சேர்ந்து இரட்டிப்பாக்கும்). மூன்றாவது, சில சுற்றுகளே உள்ள 3 வோல்ட் சுருள்.

மூன்று சுருள் வரை கணக்கு எளிது. மருத்துவமனை எக்ஸ்ரே கருவி, அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடம் என்று போகப்போக சுருள்களின் எண்ணிக்கை பத்து, நாற்பது, நூறு என்று ஏறுகிறது. அப்போது, "இதைச் செய்வதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?" என்ற கேள்வி வரும். சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளோடு புழங்கும் எனக்கு இது பிடித்தமான கேள்வி. ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். இதிலிருக்கும் கணிதம் அவர்களுக்கு எட்டாதது இல்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு இரும்பு வளையம்

1831 ஆகஸ்ட் 29. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தின் ஒரு பாதியில் செம்புக் கம்பியைச் சுற்றினார். மறு பாதியில் வேறு கம்பி. கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவே நூலும் பருத்தித் துணியும். ஒரு பக்கத்தில் பேட்டரியை இணைத்த கணத்திலும் எடுத்த கணத்திலும் மறுபக்கத்துக் காந்த ஊசி துடித்தது. இரண்டு பக்கமும் தொடவே இல்லை. ஆனாலும் ஒன்றில் நடந்தது மற்றொன்றுக்குத் தெரிந்தது.

பலரும் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. ஃபாரடே ஒரு பக்கத்தில் மூன்று தனித்தனிக் கம்பிகளையும், மறுபக்கத்தில் இரண்டு கம்பிகளையும் சுற்றியிருந்தார். வேண்டுமானால் சேர்க்கலாம், வேண்டாமென்றால் பிரிக்கலாம். அதாவது, உலகின் முதல் டிரான்ஸ்ஃபார்மரே பல சுருள் டிரான்ஸ்ஃபார்மர்தான்!

பள்ளியில் நாம் படித்தது இதுதான்: ஒரு சுருளில் 100 சுற்று, மற்றதில் 1000 சுற்று என்றால் வோல்டேஜ் பத்து மடங்கு. கணக்கு சரிதான். ஆனால் முதல் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் முழுவதும் இரண்டாவது சுருள் வழியாகப் போகிறது என்ற நினைப்பில்தான் அது சரி. நிஜத்தில் கொஞ்சம் வெளியே கசியும். இந்தக் கசிவுதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன் என்றே சொல்லலாம்.

ஏன் இத்தனை சுருள்?

எக்ஸ்ரே குழாய்க்கு, படமெடுக்கும் இடத்தைப் பொறுத்து, 40 முதல் 150 கிலோவோல்ட் வரை தேவைப்படும். ஒரு கிலோவோல்ட் என்றால் ஆயிரம் வோல்ட். இதை ஒரே சுருளில் எடுக்கப் பார்த்தால், அந்தச் சுருளின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவே மொத்த வோல்டேஜும் நிற்கும். கம்பி அடுக்குகளுக்கு இடையே மின்பொறி பாயாமல் தடுப்பது பெரிய தலைவலி.

அதனால் சுருளைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக டையோடு வைத்து, அதன் வெளியீட்டை நேர்மின்சாரமாக்கி, பிறகு எல்லாவற்றையும் டார்ச் லைட்டில் பேட்டரிகளை அடுக்குவதுபோல வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு சுருளும் தாங்க வேண்டியது தன் பங்கை மட்டும்தான். மேலே இருக்கும் சுருள்களுக்கும் இரும்புக்கும் நடுவே மட்டும் முழு வோல்டேஜையும் தாங்கும் காப்பு வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 100 கிலோவோல்ட்டை ஒரே சுவிட்சால் சட்டென்று நிறுத்துவது மிகக் கடினம். ஆனால் ஆயிரம் வோல்ட்டை நிறுத்தும் டிரான்சிஸ்டர் சுவிட்ச் கடையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு டையோடு பாலம், ஒரு சுவிட்ச் என்று ஒரு மாட்யூல் செய்து, அவற்றை நூறு அடுக்கினால், 80 கிலோவோல்ட் வேண்டுமா, அதற்கேற்ற அளவு மாட்யூல்களை மட்டும் இயக்கலாம். ஆபத்து என்றால் எல்லாவற்றையும் சில மைக்ரோ வினாடிகளில் ஒன்றாக அணைக்கலாம். 1980களில் சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவெரி நிறுவனம் பெரிய வானொலி டிரான்ஸ்மிட்டர்களுக்காக வளர்த்த முறை இது.

இன்று இந்த முறையைப் பெரிய அளவில் பார்க்க இத்தாலியின் படோவா நகருக்குப் போகலாம். ஃபிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் இணைவு உலைக்கான துகள் கற்றைகளைச் சோதிக்க, அங்கே ஸ்பைடர் என்ற கருவி 2018-இல் இயங்கத் தொடங்கியது. அயனிகளை முடுக்குவதற்கான 96 கிலோவோல்ட், 75 ஆம்பியர் மின்வழங்கியைக் கொடுத்தது இந்தியா. இரண்டையும் பெருக்கினால் 7.2 மெகாவாட். நூற்றுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள். ஒவ்வொன்றுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் அதற்கென்று ஒரு தனித் துணைச் சுருள்.

இப்படி ஒன்றை, "செஞ்சு பார்ப்போம், சரியா வரலன்னா மாத்திக்கலாம்" என்று செய்ய முடியாது. கணினியில்தான் முதலில் தப்பு நடக்க வேண்டும்.

உறவுகளை எண்ணுவது

கணினிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஒவ்வொரு சுருளும் மற்ற ஒவ்வொரு சுருளோடும் எவ்வளவு பிணைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிணைப்பு 1 என்றால் ஒன்றின் காந்தப்புலம் முழுக்க மற்றதன் வழியாகப் போகிறது. பூஜ்யம் என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இரண்டு சுருளுக்கு ஒரு உறவு. மூன்றுக்கு 3. நான்குக்கு 6. பத்துக்கு 45. ஒரு முதன்மைச் சுருள், நாற்பது துணைச் சுருள், ஆக 41 என்றால் 820 உறவுகள். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் புதிதாக வந்தால் ஒரு உறவா கூடுகிறது? வீட்டில் எத்தனை பேரோ அத்தனை உறவுகள் கூடும், இல்லையா? அதே கணக்குதான். இது ஒரு ஃபேஸுக்கு மட்டும். பெரிய கருவிகளில் வரும் மூன்று ஃபேஸ் மின்சாரத்துக்கு இன்னும் பெருகும்.

இங்கே ஒரு குறுக்குவழி எல்லாருக்கும் தோன்றும். ஒவ்வொரு சுருளுக்கும் "இவ்வளவு கசிவு" என்று தனியாக ஒரு எண் கொடுத்து, எல்லாவற்றையும் நட்சத்திர வடிவில் நடுவே ஒரு புள்ளியில் இணைத்துவிட்டால் என்ன? மூன்று சுருள் வரை இது அருமையாக வேலை செய்யும். 3 உறவுகள், 3 எண்கள், கணக்கு தீர்ந்தது. நான்காவது சுருள் வந்ததும் சிக்கல். உறவுகள் 6, கையில் இருப்பதோ 4 எண்கள். நாற்பத்தொரு சுருளுக்கு 820 உறவுகளை 41 எண்களில் அடக்கப் பார்க்கிறோம். அடங்காது.

எது விடுபடும்? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துணைச் சுருள்களுக்குள் இருக்கும் நெருக்கம். மேல் கோடியில் இருப்பதும் கீழ் கோடியில் இருப்பதும் ஒன்றையொன்று அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அடுத்தடுத்து இருப்பவை ஒன்றின் சுமையை மற்றது நன்றாகவே உணரும். நட்சத்திர மாதிரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது தசம இடம்

சரி, 820 பிணைப்புகளையும் அளந்து கொடுத்துவிடலாமே? இங்கேதான் கசிவு வேலையைக் காட்டும்.

நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் பிணைப்பு 0.999 மாதிரி இருக்கும். சுருளின் இன்டக்டன்ஸ் 1 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுருளை ஷார்ட் செய்துவிட்டு மற்றதிலிருந்து பார்த்தால் தெரியும் கசிவு இன்டக்டன்ஸ், 1-இலிருந்து பிணைப்பின் வர்க்கத்தைக் கழித்தால் வரும் அளவு.

பிணைப்பு 0.999 என்றால் கசிவு சுமார் 2 மில்லி ஹென்றி.
பிணைப்பு 0.998 என்றால் சுமார் 4 மில்லி ஹென்றி.
பிணைப்பு 0.99 என்றால் சுமார் 20 மில்லி ஹென்றி.

மூன்றாவது தசம இடத்தில் ஒரு எண் மாறியதும் கசிவு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை, பத்து மடங்கு ஆகிவிட்டது. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கசிவுதான். மாதிரியில் கசிவு இரண்டு மடங்கு என்றால், கணினி காட்டும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் பாதிதான். அதை நம்பி ப்யூஸ் தேர்ந்தெடுத்தால், நிஜத்தில் அதன் தலையில் இரண்டு மடங்கு இறங்கும்.

அதனால் அனுபவமுள்ளவர்கள் பிணைப்பை அளந்து கசிவைக் கணக்கிடுவதில்லை. நேரே கசிவையே அளப்பார்கள். ஒரு சுருளை ஷார்ட் செய்து, இன்னொன்றில் கொஞ்சமாக வோல்டேஜ் கொடுத்து, மற்றதையெல்லாம் திறந்தே விட்டு, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று பார்ப்பது. 820 ஜோடிக்கும் கையால் இப்படிச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே சில ஜோடிகளை அளந்து, மற்றவற்றைக் காந்தப்புலத்தைக் கணக்கிடும் மென்பொருளில் எடுத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள்.

நடக்க முடியாத குடும்பம்

இனி வருவது பிள்ளைகளோடு பென்சிலும் பேப்பரும் வைத்துச் செய்து பார்க்க ஏற்றது.

மூன்று சுருள்கள். ஒவ்வொன்றும் 1 ஹென்றி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் பிணைப்பு 0.9. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.9. முதலுக்கும் மூன்றாவதுக்கும் 0.5 என்று யாரோ அளந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஒன்றுக்குக் கீழேதான் எல்லாம்.

இப்போது முதல் சுருளில் 1 ஆம்பியர், இரண்டாவதில் எதிர்த்திசையில் 1.8 ஆம்பியர், மூன்றாவதில் 1 ஆம்பியர் ஓடட்டும். உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் எவ்வளவு?

ஒவ்வொரு சுருளின் சொந்தப் பங்கு மின்னோட்டத்தின் வர்க்கம்: 1 + 3.24 + 1 = 5.24.
முதல், இரண்டாவது ஜோடி: 2 × 0.9 × 1 × (−1.8) = −3.24.
இரண்டாவது, மூன்றாவது ஜோடி: அதே −3.24.
முதல், மூன்றாவது ஜோடி: 2 × 0.5 × 1 × 1 = 1.

கூட்டினால் −0.24. அதில் பாதி, −0.12 ஜூல்.

மைனஸ்! சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் பூஜ்யத்துக்கும் கீழே போக முடியுமா? உண்டியலில் மைனஸ் பத்து ரூபாய் இருக்கிறது என்பது மாதிரி இது. அப்படியென்றால் இந்த டிரான்ஸ்ஃபார்மர் உலகத்தில் இருக்க முடியாது. முதலும் இரண்டாவதும் அவ்வளவு நெருக்கம், இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வளவு நெருக்கம் என்றால், முதலும் மூன்றாவதும் முக்கால்வாசி அந்நியர்களாக இருக்க வழியே இல்லை. 0.5 இருக்கும் இடத்தில் 0.62 போட்டுப் பாருங்கள்: கூட்டல் சரியாகப் பூஜ்யம். அதுதான் எல்லை. அதற்குக் குறைந்தால் ஏதோ ஒரு அளவு தப்பு.

கணினிக்கு இந்த நியாயம் தானாகத் தெரியாது. சில மென்பொருள்கள் எச்சரிக்கும், சில பேசாமல் ஓட்டும். ஓட்டினால், ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் முளைத்து, வோல்டேஜ் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பிறகு வானத்துக்கே போய்விடும். கோடு அப்படி வெடித்துப் போனால் நல்லதுதான், தப்பு கண்ணில் பட்டுவிடும். தப்பு சிறிதாக இருந்து, சர்க்யூட்டிலுள்ள மின்தடை அதை மறைத்துவிட்டால், பார்க்க நல்ல பிள்ளை மாதிரி ஒரு கோடு வரும். ஆபத்து அதில்தான்.

41 சுருள்களில் இப்படி மும்மூன்றாகப் பார்ப்பதும் போதாது. 41-ஐயும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். எந்த மின்னோட்டக் கலவையைக் கொடுத்தாலும் ஆற்றல் மைனஸுக்குப் போகக் கூடாது. ஹைஸ்கூலில் படிக்கும் மேட்ரிக்ஸ் கணக்கின் நீட்சிதான் இந்தச் சோதனை. "அம்மா, இது எதுக்குப் படிக்கணும்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

சரியான மாதிரி எதைக் காட்டும்?

மாதிரி சரியாக அமைந்துவிட்டால், அளந்து பார்க்கத் துணியாத விஷயங்களைக் கேட்கலாம். இரண்டு உதாரணங்கள்.

நாற்பது துணைச் சுருளில் ஒன்று மட்டும் ஷார்ட் ஆகிறது. அதில் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு மின்னோட்டம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுருள் எரியப்போகிறது. முதன்மைப் பக்கத்தில் என்ன தெரியும்? மற்ற 39 சுருள்களின் பங்கு 39, இதன் பங்கு 10. மொத்தம் 49. வழக்கமாக 40. அதாவது, சுமார் 22 சதவீதம்தான் கூடுதல். வாசலில் இருக்கும் பிரேக்கர் இதைக் கொஞ்சம் கூடுதல் சுமை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு சுருளுக்கும் தனி ப்யூஸ், தனிக் கண்காணிப்பு வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சிமென்ட் மேடையில் ஏறுவதற்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொள்வதுதான் சிமுலேஷனின் பலன்.

இரண்டாவது உதாரணம் மின்தேக்கம். சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே காப்பு இருக்கிறதல்லவா? இரண்டு உலோகம், நடுவே காப்பு என்றாலே அது ஒரு மின்தேக்கி. யாரும் கேட்காமலே வந்து சேர்ந்தது. 100 கிலோவோல்ட் கருவியில் இப்படி வெறும் 2 நானோ ஃபாரட் சேர்ந்தாலே அதில் தங்கும் ஆற்றல் 10 ஜூல். ஒரு கிலோ அரிசியை ஒரு மீட்டர் தூக்கும் அளவு. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் சில உயர் சக்திக் குழாய்களுக்குள் மின்பொறி விழும்போது, சுமார் 10 ஜூலுக்கு மேல் உள்ளே இறங்கக் கூடாது என்பதுதான் வழக்கமான வரம்பு. சுவிட்சுகள் எவ்வளவு வேகமாக அணைந்தாலும், ஏற்கெனவே தேங்கியிருப்பதை அவற்றால் தடுக்க முடியாது. சுருள்களைக் கூட்டக் கூட்ட இந்த அழையா விருந்தாளியும் கூடும். ஆகவே மாதிரியில் காந்தப் பிணைப்போடு மின்தேக்கமும் இடம்பெற வேண்டும்.

வீட்டுக்கு வருவோம்

மறுபடியும் மைக்ரோவேவ். அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரில் சுருள்களுக்கு நடுவே சின்ன இரும்புத் துண்டுகளைச் செருகி, வேண்டுமென்றே கசிவைக் கூட்டியிருப்பார்கள். மேக்னட்ரானுக்குப் போகும் மின்னோட்டம் எல்லை மீறாமல் அந்தக் கசிவுதான் பிடித்து வைக்கிறது. ஒரு இடத்தில் குறைக்கப் பாடுபடுவதை இன்னொரு இடத்தில் காசு கொடுத்துச் சேர்க்கிறார்கள்.

ஆனால் அந்த எல்லை மேக்னட்ரானுக்குத்தான். மனித உடம்புக்கு இல்லை. பழைய மைக்ரோவேவிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, மரப்பலகையில் மின்னல் மாதிரி கோலம் எரிக்கும் வீடியோக்களை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைச் செய்யப்போய்ப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள், அனுபவமுள்ள பெரியவர்கள் உட்பட. 2000 வோல்ட்டில் ஒரு தடவை கை பட்டாலே போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழுதான மைக்ரோவேவை வீட்டில் திறக்கவே வேண்டாம். முழுசாக மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆர்வமுள்ள பிள்ளையிடம் "தொடாதே" என்று மட்டும் சொன்னால் நிற்குமா? கையில் வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள் இலவசம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் மூன்று சுருள் வைத்து, பிணைப்பை 0.999 என்று கொடுத்து, ஒன்றை ஷார்ட் செய்து மின்னோட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு 0.998. அங்கே நூறாயிரம் வோல்ட் வைத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். திரையில் அழகான கோடு வந்ததும் நம்பிவிடாமல், "உள்ளே போன ஆற்றல் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம். போனதைவிட அதிகம் வந்தால் மாதிரி பொய் சொல்கிறது. கணினி எதைச் சொன்னாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும் காலத்தில் நம்ம பிள்ளைகள் வளர்கிறார்கள். எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இன்றைக்கு மென்பொருளை இறக்க நேரமில்லை என்றால் பென்சில் போதும். மேலே உள்ள மூன்று சுருள் கணக்கில் 0.5-க்குப் பதிலாக 0.7 போட்டு, ஆற்றல் என்ன வருகிறது என்று கேளுங்கள். விடை 0.08 ஜூல்.